பதினொன்றில் மூன்று: மகளுக்கு ஒரு கடிதம்

கோவை
மாசி 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

அடுத்த வருஷம் உன் தோட்டப் பராமரிப்புத் தொழிலில் என்னென்ன மாற்றலாம் என்று நீ அனுப்பிய பட்டியலை இரண்டு தடவை படித்தேன். மொத்தம் பதினொரு விஷயம். சீருடை, புது மொபைல் ஆப், இரண்டாவது டாடா ஏஸ், வெர்டிகல் கார்டன் வேலை என்று போகிறது. ஆறு ஆளை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்தில் பதினொன்றை மாற்ற முடியாது. ஆடி வருவதற்குள் பதினொன்றும் பாதியில் நிற்கும். மூன்று மட்டும் எடு. அந்த மூன்றும் ஏப்ரல், மே மாதங்களில் முடிகிற மாதிரி இருக்கட்டும். சென்னையில் புல் மெதுவாக வளர்வதும், நடவு வேலை குறைவதும் அப்போதுதான். ஐப்பசி மழையில் நின்றுகொண்டு எதையும் சீர்திருத்த முடியாது.

முதலில் உன் மணிக்கணக்கு. மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு ஆள் கொண்ட ஒரு டீமுக்கு ஒரு நாள் செலவைப் போட்டுப் பார். கூலி 900 வீதம் 1800. வண்டிக்கு டீசலும் தேய்மானமும் 400. மெஷின் பெட்ரோல், புல் வெட்டும் நைலான் நரம்பு, பிளேடு, ரிப்பேருக்கு ஒதுக்குவது எல்லாம் சேர்த்து 200. ஆக 2400. இதை நீ எட்டால் வகுத்து மணிக்கு 300 என்கிறாய். 380 ரேட் போட்டால் 80 ரூபாய் நிற்கும் என்பது உன் கணக்கு. ஆனால் அந்த டீம் எட்டு மணி நேரமும் தோட்டத்திலா நிற்கிறது? ஷெட்டில் சாமான் ஏற்ற முக்கால் மணி, சாலையில் ஒன்றரை மணி, மறந்துவிட்ட பொருளுக்காகக் கால் மணி. கையில் மிஞ்சுவது ஐந்தரை மணி. 2400-ஐ ஐந்தரையால் வகு: 436. மணிக்கு 56 ரூபாய் கைநஷ்டத்தில் ஓடுகிறாய், ஒரு நாளைக்கு 300 ரூபாய்க்கு மேல். இதில் உன் சொந்தச் சம்பளம் ஒரு பைசாகூட இல்லை.

இந்த எண்கள் ஏறக்குறையத்தான். உன்னுடைய எண் எது என்று கண்டுபிடி. நோட்டுப் புத்தகம் கொடுத்தால் ஆட்கள் சாயங்காலம் உட்கார்ந்து உத்தேசமாக நிரப்புவார்கள். அது வேண்டாம். ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது ஒன்று, தோட்டத்தில் இறங்கியதும் ஒன்று, வேலை முடிந்ததும் ஒன்று என்று வாட்ஸ்அப் குரூப்பில் படம் போடச் சொல். நேரம் தானே பதிவாகிவிடும். மார்ச் 1 முதல் 14 நாள் போதும். வேவு பார்க்கிறாய் என்று நினைத்துவிடக் கூடாது, எதற்கு என்று முதல் நாளே சொல்லிவிடு. கணக்கு முடிந்ததும் முடிவை அவர்களுக்கும் காட்டு.

வழி உன்னிடம் கோணலாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அட்டவணையில் சேலையூர், அப்புறம் நாவலூர், அப்புறம் மேடவாக்கம் என்று எழுதியிருக்கிறாய். மேடவாக்கத்தைத் தாண்டிப் போய்விட்டு மறுபடி அங்கேயே திரும்பி வருகிறது வண்டி. ஏரியாவுக்கு ஒரு கிழமை என்று கட்டு. தாம்பரம், சேலையூர் ஒரு நாள். மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி ஒரு நாள். சோழிங்கநல்லூரிலிருந்து நாவலூர் வரை ஒரு நாள். வாடிக்கையாளரிடம் “எந்த நாள் வசதி?” என்று கேட்காதே, ஊரே சனிக்கிழமை என்று சொல்லும். “புதனா, வியாழனா?” என்று கேள். வெள்ளி மதியத்தை யாருக்கும் கொடுக்காமல் காலியாக வை. தள்ளிப்போன வேலைக்கும் மெஷினுக்கும் அது வேண்டும்.

வழியைச் சீர் செய்து ஒரு மணி நேரம் மீட்டாய் என்று வை, ஆறரை மணிக்கு 369 ஆகிறது. 380-இல் 11 ரூபாய் நிற்கும். நஷ்டம் நின்றதே தவிர லாபம் வரவில்லை. ஆகவே ரேட்டையும் தொட்டே ஆக வேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் கடிதம், பதினான்கு நாள் கணக்கு கைக்கு வந்ததும், மார்ச் மூன்றாம் வாரத்தில் போய்ச் சேர வேண்டும். ஏப்ரலில் போனால் பழைய ரேட்டிலேயே ஒரு மாதம் ஓடிவிடும்.

அந்த ஒப்பந்தத்தில் உன்னிடம் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. “மாதம் இரண்டு முறை புல் வெட்டப்படும்” என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் வருஷத்துக்கு 24. நிஜத்தில் ஜூன் முதல் டிசம்பர் வரை பத்து நாளுக்கு ஒரு வெட்டு கேட்கும், அதுவே 21. ஜனவரி முதல் மே வரை இருபது நாளுக்கு ஒன்று போதும், அது ஏழெட்டு. மொத்தம் 28, 29. நாலைந்து வெட்டை இனாமாகக் கொடுத்துவிட்டு, கோடையில் தேவையில்லாத வெட்டுக்கு ஆளையும் அனுப்புகிறாய். வெயிலில் ஒட்ட வெட்டிய புல் காயும், அதற்கும் பழி உன் மேல்தான் விழும். வருஷத்துக்கு 28 வெட்டு என்று எழுது, பணத்தைப் பன்னிரண்டு சம தவணையாக வாங்கு. எரு, பூச்சி மருந்து, பட்டுப்போன செடிக்கு மாற்று, குப்பை அகற்றுவது ஆகிய நான்கும் யார் செலவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில் எழுதிவிடு. வெட்டிய கிளையை ஏற்றிக்கொண்டு போகும் நடைக்குக் காசு கேட்காமல் விடுவதுதான் இந்தத் தொழிலில் சத்தமில்லாமல் கரையும் பணம்.

இரண்டாவது, மெஷின். இதற்குப் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம், இரண்டு கேன் போதும். உன்னிடம் புல், புதர் வெட்டும் பிரஷ் கட்டரில் டூ-ஸ்ட்ரோக் இரண்டும் ஃபோர்-ஸ்ட்ரோக் ஒன்றும் இருக்கின்றன. டூ-ஸ்ட்ரோக்கில் வெறும் பெட்ரோல் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் கலந்ததை ஊற்றினால் புகைந்து பிளக் கரி கட்டும். சிவப்பு கேன் கலவைக்கு, வெள்ளை கேன் வெறும் பெட்ரோலுக்கு. மெஷினின் டாங்க் மூடியிலும் அதே நிறத்தில் பெயின்ட் பொட்டு வை. படிக்கத் தெரியாத ஆளும் தவறமாட்டான். கலவை 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான எண்ணெய்). சில மலிவு மெஷின்களுக்கு 25-க்கு 1, அதாவது 40 மில்லி. மெஷினோடு வந்த புத்தகத்தைப் பார்த்து கேன் மேலேயே எழுதி வை. கண் அளவில் ஊற்றுவது கூடாது, மூடி அளவும் கூடாது. மருந்துக் கடையில் விற்கும் சிரிஞ்ச் ஒன்றை கேனோடு கட்டித் தொங்கவிடு.

ஃபோர்-ஸ்ட்ரோக் ஹோண்டா ஜிஎக்ஸ்35 இன்ஜினுக்கு எண்ணெய் 100 மில்லிதான் பிடிக்கும். அவ்வளவு குறைவு என்பதாலேயே அது சீக்கிரம் கெடும். 50 மணி ஓட்டத்துக்கு ஒரு முறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்று. மணியை யார் எண்ணுவது என்று கேட்பாய். பெட்ரோலை எண்ணு. 35 லிட்டர் போயிருந்தால் ஏறக்குறைய 50 மணி. ஏர் ஃபில்டரை 25 மணிக்கு ஒரு முறை கழுவ வேண்டும், செம்மண் புழுதியில் அதற்கும் முன்னாலேயே.

இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மே மாதம் மூன்று வாரம் சும்மா நிற்கப்போகும் மெஷினில் டாங்கைக் காலி செய்துவிட்டு, தானாக நிற்கும் வரை ஓட்டி கார்புரேட்டரையும் வற்ற விடு. ஜூனில் “ஸ்டார்ட் ஆகவில்லை” என்று மெக்கானிக்கிடம் போகும் மெஷின்களில் நிறைய இதனால்தான் போகின்றன. கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதே.

புல்தரை வெட்டும் லான் மூவரின் பிளேடு மழுங்கினால் புல்லை அறுக்காது, பிய்க்கும். வெட்டிய மறுநாள் புல் நுனி வெளுத்துத் தெரிந்தால் அதுதான் காரணம், உரக்குறை என்று யூரியா போட்டுவிடாதே. தீட்டிய பிறகு பிளேடின் நடு ஓட்டையை ஒரு ஆணியில் மாட்டிப் பார். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய். எடை சமமில்லாத பிளேடு இன்ஜினையே உலுக்கி பேரிங்கைத் தின்றுவிடும். கூடுதலாக ஒரு ஜோடி பிளேடு வாங்கி வை. தீட்டுகிற வேலை ஷெட்டில் வெள்ளி மதியம் நடக்கட்டும், தோட்டத்தில் வேண்டாம்.

வண்டியில் ஒரு பெட்டி நிரந்தரமாக இருக்கட்டும்: ஸ்பார்க் பிளக் இரண்டு, பிளக் ஸ்பேனர், நைலான் நரம்பு, அரம், ஒரு கத்தரி, சொட்டுநீர் (டிரிப்) குழாய்க்கு ஜாயினரும் எண்ட் கேப்பும். பிளக் ஸ்பேனர் இல்லாமல் நாவலூரிலிருந்து ஷெட்டுக்கு ஒரு நடை வந்து போனால் அந்த நாள் லாபம் அதோடு சரி.

மூன்றாவது, செடி சாவு. போன வருஷம் எத்தனை செடியைக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தாய் என்று பில்களைப் பார்த்து எண்ணு. ஆந்திராவில் நர்சரிகள் நிறைந்த கடியத்திலிருந்து லாரியில் வருகிற செடி கோதாவரிக் கரையில் நிழலில் வளர்ந்தது. இறக்கிய அன்றே வெள்ளைச் சுவர் ஓரத்தில், ஓ.எம்.ஆர். சாலைப் பக்கத்து வெயிலில் நட்டால் கருகத்தான் செய்யும். 50 சதவீத நிழல்வலையின் கீழ் பதினைந்து நாள் நிறுத்தி, கடைசி ஐந்து நாள் காலை வெயிலைக் காட்டிப் பிறகு நடு. ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் இடம் போதும். இந்தப் பதினைந்து நாளையும் சேர்த்துத்தான் வாடிக்கையாளருக்குத் தேதி கொடுக்க வேண்டும். கத்திரி வெயிலில் புது நடவே வேண்டாம், எவ்வளவு கெஞ்சினாலும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க ஒரு டிடிஎஸ் பேனா வாங்கு. புது இடத்துக்கு ரேட் சொல்லும் முன் போர் தண்ணீரில் முக்கிப் பார். 2000-ஐத் தாண்டினால் இட்லிப்பூ, ரோஜா என்று கனவு காணாமல் அரளி, காகிதப்பூ பக்கம் போ. அந்தத் தண்ணீரில் இட்லிப்பூ மஞ்சளடிக்கும், மாதம் ஒரு முறை இரும்புச்சத்து தெளித்தாலும் திரும்பத் திரும்ப வெளுக்கும்.

டிரிப் இருக்கும் தோட்டங்களை ஏப்ரலில் ஒரு சுற்று பார்த்துவிடு. லைனின் முதல் டிரிப்பருக்கும் கடைசி டிரிப்பருக்கும் அடியில் பெரிய டம்ளர் வைத்து 6 நிமிடம் விடு. மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர் என்றால் 400 மில்லி வர வேண்டும். கடைசியில் 300-க்குக் கீழே இருந்தால் ஃபில்டரைக் கழுவி, எண்ட் கேப்பைத் திறந்து தெளிந்த தண்ணீர் வரும் வரை ஓடவிடு. அப்படியும் ஏறாவிட்டால் உப்பு அடைத்திருக்கும், டிரிப்பரையே மாற்று. குச்சி விட்டுக் குத்தாதே. ஓட்டை பெரிதானால் அந்தச் செடி அழுகும், அடுத்த செடி காயும்.

மண் வாங்குவதில் இரண்டு சொல். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. புல்தரைக்கு அரை அங்குலம் மேல்மண் தூவினால் அது 2400 சதுர அடிக்கு வரும். லாரி தொட்டியை நீளம், அகலம், உயரம் டேப்பால் அளந்த பிறகே இறக்கச் சொல். இறக்கும் முன் நாலு இடத்தில் கையை விட்டுப் பார்த்து, கோரைக் கிழங்கு ஒன்று கிடைத்தாலும் திருப்பி அனுப்பு. கோரை ஏறிய புல்தரையைச் சுத்தம் செய்யும் கூலியில் மூன்று லோடு நல்ல மண் வாங்கலாம்.

மழைக்கு முந்தைய மரவேலையை ஆகஸ்ட், செப்டம்பரில் தனி ரேட்டில் விற்கலாம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்ததைப் பார்த்தவர்களிடம் அதை விளக்கவே வேண்டாம். உச்சியை மொட்டையடிக்காமல் உள்கிளைகளைக் களைந்து காற்றுக்கு வழிவிடு. தெருவோர மரத்தில் மட்டும் கை வைக்காதே, அது மாநகராட்சியின் மரம்.

கணக்கு விஷயம் சுருக்கமாக. கம்பெனிகள் உனக்குக் கொடுப்பதில் 1 சதவீதத்தை டிடிஎஸ் என்று வருமான வரிக்குப் பிடிக்கும். பிடித்தது வரித்துறைக் கணக்கில் உன் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார். ஜிஎஸ்டி பதிவுக்கு வருஷ வரவு 20 லட்சம்தான் எல்லை. செடிக்கு வரி இல்லை என்றாலும் செடி விற்ற பணமும் அந்த 20 லட்சத்தில் சேரும், இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. ஆட்களுக்குப் பிரதமர் விபத்துக் காப்பீடு வருஷத்துக்கு 20 ரூபாய். மே கடைசி வாரம் அவர்கள் வங்கிக் கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்கிறதா என்று நீயே கேள். இல்லாவிட்டால் ஜூன் 1 முதல் காப்பீடு இருக்காது, பிரஷ் கட்டர் கல்லைத் தூக்கி அடிக்கிற தொழில் இது.

சீருடை நல்ல யோசனைதான், அடுத்த வருஷம். ஆப் வேண்டாம். வெர்டிகல் கார்டன் ரொம்பவே வேண்டாம், பம்ப் ஒரு நாள் நின்றால் சுவர் முழுக்கக் காயும், அதற்கு உத்தரவாதம் கொடுக்க உன்னிடம் ஆள் இல்லை.

இரண்டாவது வண்டிக்குக் கடன் பற்றி அம்மாவிடம் கேட்டிருக்கிறாய். மார்ச் 14-க்குப் பிறகு அந்தப் பதினான்கு நாள் நேரத்தை ஒரே தாளில் எழுதி எனக்கு அனுப்பு. ஒரு வண்டி ஆறரை மணி வேலை கொடுக்கிறது என்று தாளில் தெரிந்தால் இரண்டாவதைப் பற்றிப் பேசலாம். ஐந்தரையிலேயே நின்றால் இரண்டு வண்டியும் சாலையில்தான் நிற்கும்.

அன்புடன்,
அப்பா

பி.கு: லான் மூவர் பிளேடு ஒரு ஜோடி நேற்று பார்சலில் போட்டிருக்கிறேன். நடு ஓட்டை அளவு உன் மெஷினுக்குச் சரியா என்று மாட்டும் முன் பார்த்துக்கொள்.