ஞாயிறு மரக்கறி: வேண்டியதை வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஞாயிறும் மட்டக்களப்புக் களுதாவளைத் தோட்டங்களிலிருந்து கத்தரி, பயற்றங்காய், பச்சை மிளகாய், வெற்றிலை வரும். மணல் தரையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து வளர்த்தவை, அன்று விடியப் பிடுங்குவார்கள். தம்புள்ளை மொத்தச் சந்தையிலிருந்து லொறியில் குலுங்கி வருவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், காம்பே சொல்லும். கரட், லீக்ஸ் கேட்க வேண்டாம். அது மலைநாட்டு நுவரெலியாச் சாமான்.

வாவிக்கு மேற்கே படுவான்கரை ஆட்களிடம் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நாட்டரிசியும் கொஞ்சம் உண்டு. ஆலை அரிசி போல வெள்ளையாக இராது, கஞ்சிக்கு அருமை.

போன கிழமை சொல்லிவிட்டு மூன்று பேர் வரவில்லை. பிடுங்கிய கீரை வாடிப் போனது, நட்டம் தோட்டக்காரருக்கு. வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்லுங்கள், சரியா? விலையில் பேரம் வேண்டாம். உரப்பையோ கூடையோ கொண்டு வாருங்கள்.