ரொறன்ரோவிலிருந்து நிலாவெளிக்கு

அன்பின் குமரன்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கம்பஸுக்கு எடுபட்ட செய்தி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் பெரிய சந்தோசம். அவளுக்கு அனுப்ப மனிசி இப்போதே பார்சல் கட்டத் தொடங்கிவிட்டாள்.

கொரோனா நோயை விட, இலங்கைக்குப் போகவேண்டாம் என்ற பயண எச்சரிக்கைதான் நிலாவெளியில் விடுதி நடத்தும் உங்களைச் சாய்த்தது என்று எழுதியிருக்கிறாய். 2020 மார்ச்சில் விமான நிலையத்தைப் பூட்டி, அடுத்த வருசம் ஜனவரியில் திறக்கும் மட்டும் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். உன் கோபம் நியாயம்தான். ஆனால் எச்சரிக்கையே கூடாது என்கிறாயே, அதற்கு என் மனம் ஒப்பவில்லை.

2003இல் சார்ஸ் என்ற சுவாச நோய் இங்கே பரவிய நேரம் நான் டவுன்டவுனில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை செய்தேன். ஏப்ரல் 23ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம், அவசியமில்லாமல் ரொறன்ரோவுக்குப் போகவேண்டாம் என்று அறிவித்தது. வந்து தங்க இருந்தவர்கள் ஒவ்வொருவராக ரத்துச் செய்தார்கள். மடித்த துவாய்கள் வண்டியில் அடுக்கினபடியே கிடக்கும். மாடிக்கு மாடி பூட்டின அறைகள். கடைசியாக வேலைக்குச் சேர்ந்த எங்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மாத வாடகையை மச்சானிடம் கடன் வாங்கித்தான் கட்டினேன்.

மேயர் லாஸ்ட்மன் டிவியில், அப்படி ஒரு நிறுவனத்தைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றார். மாகாண சுகாதார அமைச்சர் ஜெனீவாவுக்கே போய் வாதாடினார். ஒரு கிழமைக்குள் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். மே நடுப்பகுதியில் மாகாண அவசரநிலையும் நீங்கியது, ஆஸ்பத்திரிகளிலும் கட்டுப்பாடு தளர்ந்தது. நோர்த் யோர்க் ஜெனரல் ஆஸ்பத்திரியில் தாதிமார், இது திரும்பவும் சார்ஸ் போல இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார்கள். கேட்க ஆளில்லை. மே கடைசியில் இரண்டாம் அலை வெளியில் தெரிந்தது. கனடாவில் இறந்த 44 பேரில் இரண்டு தாதிமாரும் ஒரு டொக்டரும் இருந்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று உலகத்துக்குக் காட்ட அவசரப்பட்டதற்கு இரண்டாம் அலையில் நோய் தொற்றியவர்கள்தான் விலை கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்காக அந்த எச்சரிக்கை சரியான அளவில் இருந்தது என்றும் சொல்லமாட்டேன். நோய் பரவியது பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளிலும் நோயாளிகளின் வீடுகளிலும்தான். தெருவில் நடந்து திரிந்தவருக்கு ஆபத்து மிகக் குறைவு. எங்கே ஆபத்து, யாருக்கு ஆபத்து என்று குறிப்பாகச் சொல்லியிருக்கலாம். முழு நகரத்தையும் ஒதுக்கியிருக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. 2021 நவம்பரில் தென்னாபிரிக்கா, கொரோனாவின் புது வகையான ஒமிக்ரோனைக் கண்டுபிடித்து உடனே உலகத்துக்குச் சொன்னது. இரண்டு மூன்று நாளுக்குள் நாடு நாடாக அதற்குக் கதவைச் சாத்தின. உண்மை சொன்னவனுக்கே அடி விழுந்தால், அடுத்த முறை யார் வாய் திறப்பான்? சார்ஸை முதலில் சீனா மூடி மறைத்ததால் எத்தனை நாட்டுக்கு அது பரவியது என்று பார்த்தோமே.

எச்சரிக்கை வரத்தான் வேண்டும், குமரன். அதோடு சேர்த்து, வேலை இழக்கிறவனின் சம்பளத்துக்கும் வழி செய்யவேண்டும். உங்கள் விடுதிக்காரர் சங்கம் கூடும்போது இதைக் கதைத்துப் பார். சீசனில் ஒவ்வொரு அறைக் காசிலும் கொஞ்சம் எடுத்து, வேலையாட்களுக்கென்று ஒரு நிதி போட முடியாதா? சங்கம் என்ன சொல்கிறது என்று எழுது.

அன்புடன்,
சிவா