அடர்ந்த மார்பகத் திசுவும் எம்ஆர்ஐ சோதனையும்

ஆசிரியருக்கு,

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் எக்ஸ்ரே பரிசோதனையான மேமோகிராமை ஈராண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும் என்ற அறிவுரை சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓரளவு பழகிவிட்டது. ஆனால், மார்பகத் திசுவின் அடர்த்தியைப் பற்றி மருத்துவரிடம் கேட்பவர்கள் குறைவு. அடர்ந்த திசுவும் கட்டியும் எக்ஸ்ரே படத்தில் வெண்மையாகவே தெரிவதால் சிறிய கட்டி மறைந்துவிடக்கூடும். ஆசியப் பெண்களிடையே இத்தகைய திசு பரவலாக இருப்பதால் இது நாம் அவசியம் அறிய வேண்டிய செய்தி.

படத்தில் வேறுபாட்டைத் துலக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி, காந்தப்புலத்தின் உதவியால் எடுக்கப்படும் எம்ஆர்ஐ வேறு வழியில் செயல்படுகிறது. கையின் ரத்தக்குழாயில் ஏற்றப்படும் காடோலினியம் மருந்து, புற்றுக்கட்டி தனக்கென உருவாக்கிக்கொள்ளும் கசிவுள்ள ரத்தக்குழாய்களின் வழியே விரைந்து சேர்வதால், அவ்விடம் படத்தில் ஒளிர்கிறது. மிக அடர்ந்த திசு கொண்ட பெண்களிடம் நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2019ல் வெளியான ஆய்வில், இரு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் தலைகாட்டிய புற்றுநோய், மேமோகிராம் மட்டும் செய்தவர்களிடம் ஆயிரத்துக்கு 5 ஆகவும், எம்ஆர்ஐக்கு அழைக்கப்பட்டவர்களிடம் 2.5 ஆகவும் இருந்தது.

எல்லாருக்கும் இது தேவை என்று நான் வாதிடவில்லை. புற்றல்லாத கட்டிகளும் ஒளிர்வதுண்டு என்பதால் தேவையற்ற திசுப் பரிசோதனையும் மனக்கவலையும் நேரலாம். காடோலினியம் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், நீரிழிவு மலிந்த நம் சமூகத்தில் சிறுநீரகச் செயல்பாட்டையும் முன்கூட்டியே பார்க்க வேண்டியிருக்கும். மார்பகப் புற்றுநோய் அபாயத்தை வெகுவாகக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்களின் நிலை வேறு. மருத்துவ வழிகாட்டிகள் அவர்களுக்கு ஆண்டுதோறும் எம்ஆர்ஐ பரிந்துரைக்கின்றன. தாய்க்கோ சகோதரிக்கோ இளவயதில் இந்நோய் வந்திருந்தால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லி, எம்ஆர்ஐ தேவையா என்று கேட்பது நல்லது. இவற்றை விளக்கும் தமிழ்க் கையேடுகள் பலதுறை மருந்தகங்களில் தாராளமாகக் கிடைக்க வேண்டும்.

வாசகர்,
உட்லண்ட்ஸ்