வாய்க்கால் வந்த இடத்துக்குப் பைபரும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ், போரால் இடம்பெயர்ந்த காலம் போக மற்றெல்லாக் காலமும் வயல் செய்தவன் நான். எங்கள் வீடு வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. மகள் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்தாள். வீட்டுக்குள் கவரேஜ் கிடையாது. கிணற்றடியில், முருங்கைக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு கோடு காட்டும். அங்கே ஸ்டூல் போட்டு, கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். மாரியில் நான் குடை பிடித்தபடி நிற்பேன். ஒருநாள் கம்பனிக் கூட்டத்தின் நடுவில் இணைப்பு மூன்று தரம் அறுந்தது. அடுத்த மாதமே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டாள்.

அங்கே இரண்டு பரப்புக் காணி வாங்கினார்கள். அது நிரவின வயல் என்று முதல் மாரியில் குசினிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோதுதான் தெரிந்தது. அனுமதியில்லாமல் வயலை நிரவக்கூடாது என்று 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருந்தும் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பெருவீதியோரம் வயல் வளவாகிக்கொண்டே போகிறது. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகளைத் திறந்தபோது தண்ணீர் எங்கெல்லாம் ஓடியது என்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது விளங்கும்.

இரணைமடுவைக் கட்டத் தொடங்கியது 1902இல். 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் வந்தது. மேட்டுக்காணி குடியிருக்க, தாழ்ந்த காணி வயலுக்கு என்று அளந்து கொடுத்தார்கள். தண்ணீர் எங்கே போனதோ அங்கே சனம் இருந்தது. இன்றைக்குப் படித்த பிள்ளைகள் இணையம் போகிற இடத்துக்குப் போகிறார்கள். இணையம் வந்தால் எந்த ஊரில் இருந்தும் உழைக்கலாம் என்றார்கள். நானும் அதை நம்பினேன். ஆனால் பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியில் தூரம் கூடக் கூட வேகம் குறையும். கைத்தொலைபேசிக் கோபுரத்தின் சிக்னலும் பாலை, முதிரை மரங்களைத் தாண்டி வருவதற்குள் மெலிந்துவிடும். வேகம் குறையாமல் தூரத்துக்கு வரக்கூடியது ஒளியால் தகவல் கொண்டுவரும் கண்ணாடி இழை, அதாவது பைபர்தான். அது பெருவீதிக் கரையோடு நின்றால் சனமும் பெருவீதிக் கரைக்குத்தான் வரும்.

சென்னையில் இருக்கும் என் மைத்துனர் இதை முன்பே சொன்னார். 2000இல் தரமணியில் டைடல் பார்க் என்ற கணினிக் கம்பனிக் கட்டடம் திறந்தபின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் கம்பனிகளும் வீடுகளும் எழும்பின. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியது. 2015 வெள்ளத்தில் அவர் குடும்பம் மூன்று நாள் மாடியில் இருந்தது. அதைத்தான் நாங்கள் சின்ன அளவில் இங்கே செய்துகொண்டிருக்கிறோம்.

பைபர் கொண்டுவருவதில் பெரிய செலவு இழைக்கு இல்லை, கிடங்கு வெட்டுவதற்குத்தான். போன வருடம் எங்கள் வீதியை குடிநீர்க் குழாய்க்காக ஒரு முழம் ஆழத்துக்குக் கிண்டி மூடினார்கள். அந்தக் கிடங்கிலேயே ஒரு வெறும் பிளாஸ்டிக் குழாயைப் போட்டிருந்தால், எந்தக் கம்பனியும் பிறகு இழையைத் தள்ளி விட்டிருக்கலாம்.

கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கான கூட்டத்தில் குளத்துத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்குக் காணும் என்று பேசி, தலைவாய்க்கால்காரரும் கடைசி வாய்க்கால்காரரும் சண்டை பிடித்தாவது பங்கிட்டுக்கொள்கிறோம். வீதி, காணி, இணையம் எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிடும் அதிகாரிகள் அந்தக் கூட்டம் மாதிரி ஒன்றைக் கிராமத்து மண்டபங்களில் வைக்கவேண்டும். கணினியில் கீறிய வரைபடத்தைக் கடதாசியில் எடுத்து வாருங்கள். எது வயல், எது வெள்ளம் ஓடும் வழி, எந்த வளவில் பிள்ளை கிணற்றடியில் இருந்து படிக்கிறது என்று நாங்கள் காட்டுகிறோம்.

வடிகால் வேலைக்காக, மாரியில் செய்யும் காலபோகத்துக்கு முன் எங்கள் வீதியை மறுபடியும் கிண்டப் போகிறார்களாம். அந்த வெறும் குழாயை அப்போதாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கமக்காரன்,
கிளிநொச்சி.