கையெழுத்துப் போடுவதற்கு முன்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா,
2025 நவம்பர், வெள்ளி இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முட்டிவலிக்குக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்கிறது. நீயும் மருமகளும் பாப்பாவும் சுகம்தானே?

போனில் பேசினால், "பசியாறிட்டீங்களாப்பா, மருந்து சாப்பிட்டீங்களா" என்று நீ கேட்டு முடிப்பதற்குள் உனக்கு வேறு போன் வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு வருகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் தாளை எடுத்தேன். இருபத்தெட்டு வருஷம் தோட்டத்து ஆபீசில் கிராணியாக உட்கார்ந்து செக்ரோல், அதாவது ஆள்களின் சம்பளப் பதிவேடு, எழுதிய கை, படிக்க உனக்குச் சிரமம் இருக்காது.

தீபாவளிக்கு வரவில்லை. வேலை அதிகம் என்றாய். சரி. அம்மா உனக்கென்று எடுத்து வைத்த முறுக்கு டின் இன்னும் திறக்காமல் இருக்கிறது, அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. மழையில் சமையலறைக் கூரை ஒழுகுகிறது. தங்கச்சி வீட்டில் பையனுக்குப் பெண் பார்க்கிறார்கள். சின்ன மாமா மகன் போன மாதம் கோலாலம்பூரில் ஒரு கட்டடத்துக்கு ஏர்கோன் சர்வீஸ் செய்யப் போனானாம். உன் ஆபீஸ் கட்டடம்தான் என்றான். கீழ்த்தளத்தில் பழைய பைல் அடுக்கும் அறையில் உன்னைப் பார்த்தேன் என்று ஏதோ சொன்னான். மேசையில் ஒரு காலண்டர் மட்டும் இருந்ததாம். அவன் கண்ணும் சரியில்லை, பேச்சும் சரியில்லை, உனக்குத் தெரியும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம், போன சனிக்கிழமை மாமாக் சாப்பாட்டுக் கடை டிவியில் செல்சி கால்பந்து ஆட்டம் போட்டிருந்தார்கள். "ஸ்டெர்லிங் ஏன் பெஞ்சில்கூட இல்லை?" என்று கேட்டேன். பக்கத்து மேசைப் பையன் சிரித்துவிட்டான். "அங்கிள், அவரு பாம் ஸ்குவாட்" என்றான். கிளப் வேண்டாமென்று ஒதுக்கி வைத்த ஆள்களுக்கு அப்படிப் பெயராம். வீட்டுக்கு வந்து போனில் தேடிப் படித்தேன். 2022-ல் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து வாங்கி, 2027 வரைக்கும் ஒப்பந்தம் போட்டு, வாரத்துக்கு மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பளம் என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது வேண்டாமாம். டிஸாசி என்ற இன்னொருவரும் அவரும் மற்றவர்களோடு சேராமல் தனியாகப் பயிற்சி செய்கிறார்களாம். இங்கிலாந்து அணிக்கு எத்தனை வருஷம் ஆடிய ஆள்! உடம்பில் குறை ஒன்றும் இல்லை. வேறு கிளப் எடுக்கலாம்தான், ஆனால் அந்தச் சம்பளத்தை எவன் கொடுப்பான்? விலக்கி அனுப்புவதென்றால் மிச்ச வருஷத்துச் சம்பளத்தைப் பேசித் தீர்க்க வேண்டும். அதற்கு முதலாளிக்கு மனம் வராது. அதனால் ஆளைத் தனியாக உட்கார வைத்து, தானாகவே போகிறேன் என்று சொல்லட்டும் என்று காத்திருப்பது.

இதைப் படித்ததும் எனக்குப் பழைய செல்சி ஆட்டக்காரர் போகார்டே ஞாபகம் வந்துவிட்டார். உனக்கு அப்போது பதினாலு வயது. நீ மறந்திருக்க மாட்டாய், ஏனென்றால் அன்றைக்கு நான் மேசையைத் தட்டிய தட்டில் உன் மைலோ கொட்டிவிட்டது.

அயாக்ஸ், மிலான், பார்சிலோனா என்று ஆடிவிட்டு வந்த மனிதர். 2000-ஆம் வருஷம் செல்சி நாலு வருஷ ஒப்பந்தம் கொடுத்தது, வாரத்துக்கு 40,000 பவுண்டு என்று பேப்பரில் வந்தது. அன்றைய மதிப்பில் நம்ம காசில் இரண்டு லட்சம் வெள்ளிக்கு மேல். அவர் வந்த சில வாரத்திலேயே பயிற்றுநர் வியாலியை நீக்கிவிட்டார்கள். புதிதாக வந்த ரனியேரிக்கு இவர் தேவைப்படவில்லை. இளையோர் அணியோடும் ரிசர்வ் அணியோடும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவரும் போனார், நாள் தவறாமல் போனார். நாலு வருஷத்தில் மொத்தம் 12 ஆட்டம்.

நான் கிராணி புத்தியில் உடனே கணக்குப் போட்டேன். 40,000 பெருக்கல் 52 பெருக்கல் 4. எண்பத்து மூன்று லட்சத்து இருபதாயிரம் பவுண்டு. 12-ஆல் வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கு ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. "வெட்கம் கெட்டவன். உழைக்காமல் வாங்குகிற காசு உடம்பில் ஒட்டாது" என்றேன். நீ மைலோவைத் துடைத்துக்கொண்டே, "கையெழுத்துப் போட்டது ரெண்டு பேருப்பா, ஒருத்தர் மட்டும் ஏன் வெட்கப்படணும்?" என்றாய்.

எதிர்த்துப் பேசுகிறான் என்று அன்றைக்குத் திட்டினேன். இப்போது சொல்கிறேன், நீ சொன்னதுதான் சரி. அந்த மனிதர் கொள்ளையடிக்கவில்லை. வேலைக்குத் தயாராக வந்து நின்றார், வேலை கொடுக்காதவர்கள் அவர்கள். என் காசை நான் ஏன் தூக்கி எறிய வேண்டும் என்றுதான் அவரும் கேட்டாராம். பிறகு அயாக்சிலேயே பயிற்றுநர் வேலைக்கும் போனார். மானம் ஒன்றும் போய்விடவில்லை.

நம்ம பேராக் அணியில் கதை நேர் எதிர். இங்கே ஆட்டக்காரன் ஆடிவிட்டுச் சம்பளத்துக்குத் தவம் கிடந்தான். 2002, 2003 இரண்டு வருஷமும் லீக் சாம்பியன், ஈப்போ ஸ்டேடியத்தில் உன்னைத் தோளில் தூக்க முடியாமல் நான் திணறிய வருஷங்கள். இந்த 2025-26 சீசனில் மலேசிய சூப்பர் லீக்கில் பேராக் பெயரே இல்லை. அந்தப் பேச்சு வேண்டாம், வயிறு எரிகிறது.

ஓசில் என்ற ஆட்டக்காரர் விஷயம் பாப்பாவுக்குச் சொல்ல நல்ல கதை, அவளுக்கு டைனோசர் என்றால் உயிர் அல்லவா. 2018-ல் ஆர்சனல் அவருக்கு வாரத்துக்கு மூன்றரை லட்சம் பவுண்டு கொடுத்துக் கையெழுத்து வாங்கியது. கோவிட் வந்ததும் சம்பளத்தைக் குறைத்துக்கொள் என்றார்கள், சிலர் மறுத்தார்கள், அவரும் ஒருவர். அந்த 2020 மார்ச்சுக்குப் பிறகு அவரை ஆடவே விடவில்லை. அக்டோபரில் பிரிமியர் லீக் பட்டியலில் பெயரையே எடுத்துவிட்டார்கள். அதே மாதம்தான், மைதானத்தில் பச்சை டைனோசர் வேஷம் கட்டிப் பிள்ளைகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்த ஆளுக்கும் வேலை போய்விட்டது என்று செய்தி வந்தது. இருபத்தேழு வருஷமாக அந்த வேஷம் கட்டியவர். ஓசில் என்ன செய்தார் தெரியுமா? நான் இந்தக் கிளப்பில் இருக்கும் வரைக்கும் அவர் சம்பளத்தை நான் கொடுக்கிறேன் என்று அறிவித்தார். ஜனவரியில் துருக்கிக்குப் போய்விட்டார், அது வேறு. ஆனால் தன்னையே ஓரமாக உட்கார வைத்திருக்கும் இடத்தில், இன்னொருத்தனுக்காகக் கேட்க வாய் வந்தது பார்.

எனக்கு அந்த வாய் வரவில்லை.

தம்பி, நான் எழுத உட்கார்ந்தது கையெழுத்துப் போடாதே என்று சொல்லத்தான். யார் என்ன தாள் நீட்டினாலும், எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், படிக்காமல் போடாதே, படித்தாலும் அன்றைக்கே போடாதே. அதைச் சொல்லும்போது நம்ம தோட்டத்தில் பால் வெட்டிய கோல்கீப்பர் பெரியப்பாவை விட்டுவிட்டுச் சொல்ல முடியவில்லை.

ஒரு நாள் நீ பந்தோடு வாசலில் நின்று, "பெரியப்பா ஏன் இப்போல்லாம் திடலுக்கு வர்றதில்லை?" என்று கேட்டாய். "அவரே வேலையை விட்டுட்டுப் போயிட்டாரு" என்றேன். அவரே போகவில்லை. நான் போக வைத்தேன்.

தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்த சமயம். ஆள் குறைக்க வேண்டும். 1980-ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவனை நிறுத்தினால் வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலைப் போட்டவன் நான். பெரியப்பாவுக்கு 26 வருஷம், 520 நாள் சம்பளம். தோட்டத்து மானேஜர் துரை பட்டியலைப் பார்த்துவிட்டு, "பெரிய தொகை இருக்கும் ஆள்கள் தாங்களே போனால் நல்லது, கிராணி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை நானே புரிந்துகொண்டேன்.

வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் சொல்லி முதலில் அவர் நிரையை, பால் வெட்டும் மர வரிசையை, மாற்றினேன். மேட்டுக்காட்டில் பால் வற்றிய பழைய மரங்கள், அட்டை மொய்க்கும் இடம். தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் அரை வாளிப் பால்கூட வராது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து பால் வெட்டும் வேலையையே நிறுத்தி, ஸ்டோருக்குப் பின்னால் காலி வாளி கழுவ வைத்தோம். காலையில் கழுவி அடுக்குவார். மறுநாள் அதே வாளிகளைக் கழுவுவார், யாரும் அவற்றை எடுக்கவே இல்லை. மலேசியக் கோல்கீப்பர் ஸ்பைடர்மேன் ஆறுமுகத்தின் படத்தை லயத்து வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்துக் கும்பிட்ட மனிதர், நாலு தோட்டத்துக்கும் கோல் காத்தவர், அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் முதுகு மட்டும் தெரியும். நான் அந்த ஜன்னல் பக்கம் இருந்த என் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

நாலாம் மாதம் வந்து, "போதும் கிராணியாரே" என்றார். கடிதத்தை நான்தான் மலாயில் டைப் அடித்தேன். சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன் என்று ஒரு வரி. குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். தாளில் கறை படக் கூடாது என்று தலைத்துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அப்புறம் உட்கார்ந்து பெயரைத் தமிழில் எழுத்துக் கூட்டிப் போட்டார். அந்த ஒரு வரியால் 520 நாள் சம்பளம் போகிறது என்று அவரிடம் சொல்லாதே என்று துரை என்னிடம் சொல்லவில்லை. நான்தான் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்துத் தோட்டம் கைமாறியபோது எனக்கு மட்டும் முழுத்தொகை வந்தது. இந்த வீட்டுக்கு முன்பணம் எதில் கட்டினோம் என்று உனக்குத் தெரியும். அம்மாவுக்கு இது தெரியாது. இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாமல்தான் ஒட்டுகிறேன்.

பிறகு ஒரே ஒரு தடவை தைப்பூசத்தில் பார்த்தேன். "வாங்க கிராணியார்" என்று எழுந்து நின்றார். எழுந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை. "நம்ம குட்டி கீப்பர் எப்படி இருக்கான்?" என்று உன்னைத்தான் விசாரித்தார். கோலாலம்பூரில் பெரிய கம்பெனியில் மானேஜர் என்றேன், பெருமையாகத்தான் சொன்னேன். அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று நீ பார்த்திருக்க வேண்டும்.

அதனால் சொல்கிறேன். அந்தப் பக்கம் மேசையில் உட்கார்ந்து இதைச் செய்தவன் சொல்கிறேன், எனக்கு அந்த வேலை எப்படி நடக்கும் என்று தெரியும். முதலில் கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அப்புறம் இடத்தை மாற்றுவார்கள். அப்புறம் செய்ததையே செய்யச் சொல்வார்கள். கடைசியில் யாராவது நல்லவன் மாதிரி வந்து, நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் உங்களுக்கும் கௌரவம் என்பான். அந்தக் கௌரவத்தை மட்டும் வாங்காதே. ஒவ்வொரு நாளும் நேரத்துக்குப் போ. போன நேரம், சொன்ன வேலை, சொன்ன ஆள், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுது. ஒதுக்கி ஒதுக்கி ஆளை வெளியேற வைத்தால் அதையும் வேலைநீக்கமாகக் கோர்ட்டில் எடுத்துக்கொண்ட வழக்குகள் இங்கேயே உண்டு. ஆனால் வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு போட்டாக வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் போச்சு. ஆட்டக்காரர்களுக்கே 2018-ல் பிஃபா அப்படி ஒரு விதி சேர்த்தது, கிளப் தொந்தரவு கொடுத்து விரட்டப் பார்த்தால், தக்க காரணம் என்று ஒப்பந்தத்தை ஆட்டக்காரனே முறித்துக்கொள்ளலாம் என்று. உனக்கென்று இல்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

ஒரு வக்கீலைப் பார். காசு நான் தருகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே, அந்தக் காசு எதிலிருந்து வந்தது என்று இப்போது உனக்குத் தெரியும்.

கோபமும் இருக்கிறது, மறைப்பானேன். ஏர்கோன் சர்வீஸ் செய்ய வந்தவனுக்குத் தெரிந்தது பெற்றவனுக்குத் தெரியவில்லை. அவன் உன்னைப் பார்த்ததும் நீ சிரித்துவிட்டு, "அப்பாகிட்டச் சொல்லாதே" என்றாயாமே. நான் அன்றைக்குப் போகார்டேவைத் திட்டியதை இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்தாயா? அதனால்தான் சொல்லவில்லையா?

நாளைச் சனிக்கிழமையை விட்டு அடுத்த சனிக்கிழமை ரயிலில் வா. ஸ்டேஷனுக்கு மோட்டாரில் வந்து நிற்கிறேன். ஆட்டம் இரவு பத்து மணிக்குமேல்தான், அதற்குள் அம்மா தோசை சுட்டுக் கொடுப்பாள். கையில் ஏதாவது தாள் கொடுத்திருந்தால் அதையும் எடுத்து வா, கண்ணாடியை மாற்றிவிட்டேன், இப்போது பொடி எழுத்தும் தெரிகிறது.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: முறுக்கு டின்னைச் சின்ன மாமா மகனிடம் கொடுத்து அனுப்பலாம் என்று அம்மா சொல்கிறாள். வேண்டாம், வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.