செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அணித் தலைவர்களே, பிள்ளைகள் ராத்திரியெல்லாம் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கணினியிலும் கைபேசியிலும் போட்டி நடத்தும் நம் மின்விளையாட்டுச் சங்கத்தின் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். சென்ற ஆண்டு நான் வாசித்ததில் ‘சீரும் சிறப்புமாக’ என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது என்று ஓர் உறுப்பினர் எண்ணிச் சொன்னார். இந்த முறை அது வராது. வருமளவுக்கு நம் முதல் பருவம் நடக்கவில்லை.

செயற்குழு விதிப்படி கூடியது; தீர்மானப் புத்தகம் மேசைமேல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் அணிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நம் எல்லை பழைய வட ஆர்க்காடு. 1989இல் திருவண்ணாமலைப் பக்கம் தனி மாவட்டமாகப் போனது. மீதி இருந்தது 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. நமக்கு அரக்கோணமும் வாணியம்பாடியும் இன்றைக்கும் ஒரே லீக்தான். இந்த ஆண்டு ஆரணியிலிருந்து ஓர் அணி சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டது. வட ஆர்க்காடு என்று பேச்சுக்குப் பேச்சு சொல்லிவிட்டு ஆரணியை வாசலில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. சேர்த்துக்கொண்டோம்.

முதல் பருவம்

வாலரண்ட் என்பது ஐந்து பேர் ஐந்து பேரோடு மோதும் கணினித் துப்பாக்கி ஆட்டம்; முதலில் பதின்மூன்று ரவுண்டு எடுக்கும் அணிக்கு வெற்றி. அதில் 24 அணிகள். பிரிவுக்கு எட்டாக மூன்று பிரிவு. எட்டு அணிகள் ஒன்றோடொன்று மோதினால் ஏழு வாரம், 28 ஆட்டம். மூன்று பிரிவுக்கும் சேர்த்து 84. தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எந்த அணியை எந்தப் பிரிவில் போடுவது என்பதை நானே முடிவு செய்தேன். ஒவ்வொரு கேப்டனிடமும் ஆட்டக்காரர்களின் உச்ச ராங்க் என்ன என்று கேட்டு வாங்கி, சராசரி பார்த்துப் பிரித்தேன். இரண்டு நாள் வேலை. பெருமையாக இருந்தது. தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. உச்ச ராங்க் என்பது ஒருவர் எப்போதோ ஒருமுறை தொட்ட உயரம். இரண்டு வருஷத்துக்கு முன்பு கல்லூரி விடுமுறையில் இரவு பகலாக ஆடி ‘டயமண்ட்’ என்ற மேல் ராங்க்கைத் தொட்டவர், இப்போது வேலைக்குப் போய்வந்து வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடுபவராக இருக்கலாம். அவர் சொன்ன ராங்க் பொய் இல்லை. ஆனால் அதை நம்பி அவரை முதல் பிரிவில் போட்டது தவறு.

எதிர்ப்பக்கத் தவறும் நடந்தது. மூன்றாம் பிரிவில் ஓர் அணி எல்லாரையும் 13–1, 13–2 என்று அடித்துக்கொண்டே போனது. கேப்டனைக் கேட்டால், “நாங்க சும்மா ஜாலிக்கு ஆடறோம் சார்” என்றார். பிறகு விசாரித்தால், அணியில் இருவர் மேல் ராங்க்காரர்கள். புதுக் கணக்கு திறந்து கீழிருந்து ஆடியவர்கள். ஸ்மர்ஃப் என்று நீங்கள் சொல்வது இதைத்தான். அவர்களை இரண்டாம் பிரிவுக்கு ஏற்றினோம். நம் வாட்ஸ்அப் குழுவில் அன்று நடந்த உரையாடலை இந்த அறிக்கையில் சேர்க்க முடியாது.

இப்போது குடியாத்தம் அணி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரே தெருவைச் சேர்ந்த ஐந்து பையன்கள். மாற்று ஆள் கிடையாது. அவர்களில் ஒருவரின் பழைய டயமண்டைப் பார்த்து முதல் பிரிவில் போட்டேன். முதல் வாரம் 2–13. இரண்டாம் வாரம் 3–13. மூன்றாம் வாரத்துக்கு முன்பு கேப்டன் என்னைக் கூப்பிட்டு, “அண்ணா, வைகாசி ஒண்ணாந்தேதி அம்மன் சிரசு. ஊர் பூரா சொந்தக்காரங்க. அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சுக்கலாமாண்ணா?” என்று கேட்டார். வேலூர்க்காரனாக இருந்துகொண்டு கங்கையம்மன் திருவிழா வாரத்தில் அட்டவணை போட்டது என் மடமை. அதற்கு மேல், அட்டவணை அட்டவணைதான் என்று நான் பதில் சொன்னேன். அவர்கள் நான்கு பேராக உட்கார்ந்து, ஐந்து பேரோடு ஆடி, 1–13 தோற்றார்கள். நான்காம் வாரம் யாரும் வரவில்லை. கேப்டனின் போன் அணைந்திருந்தது.

ஓர் அணி விலகினால் என்ன ஆகும் என்று பெற்றோர்களுக்காகச் சொல்கிறேன். கிரிக்கெட் கிளப் போல இதை நினைக்கக்கூடாது. எதிரணி ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கணினியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அதில் ஒருவர் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு வந்தவர். இன்னொருவர் சத்துவாச்சாரியில் கேமிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி உட்கார்ந்தவர். அவர்களுக்கு நான் தருவது ஒரு வாக்ஓவர். காகிதத்தில் வெற்றிதான். இரண்டு வாக்ஓவர் வாங்கிய அணி மூன்றாம் வாரம் தானும் வராது. நோய் அப்படித்தான் பரவுகிறது. முதல் பருவத்தில் வாக்ஓவர் இல்லாத வாரமே இல்லை.

குடியாத்தம் போனபின் புள்ளிகளை என்ன செய்வது என்று அடுத்த சண்டை. செஸ் நடுவராக இருந்த நம் உறுப்பினர் அங்குள்ள வழக்கத்தைச் சொன்னார்: பாதி ஆட்டத்துக்கும் குறைவாக ஆடி விலகினால் அந்த முடிவுகள் தரவரிசைக்குக் கணக்கில் வராது, பாதியோ அதற்கு மேலோ ஆடியிருந்தால் மீதியை எதிராளிக்கு வெற்றியாகக் கொடுக்கலாம். ஏழில் மூன்று என்பதால் ரத்து செய்தோம். ஜெயித்த மூன்று அணிகளும் என்மேல் கோபப்பட்டன. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் பட்டிருப்பேன்.

இன்னொரு குளறுபடி. வாக்ஓவருக்கு 13–0 என்று எழுதிவந்தோம். இரண்டாம் பிரிவில் இரு அணிகள் சமப் புள்ளியில் நின்றபோது, ஆடாமலே கிடைத்த அந்தப் பதின்மூன்று ரவுண்டுகள்தான் யார் மேலே ஏறுவது என்று தீர்மானித்தன. ஆடித் தோற்றவரை ஆடாமல் ஜெயித்தவர் முந்திய கதை. இப்போது விதி மாறிவிட்டது: வாக்ஓவருக்குப் புள்ளி உண்டு, ரவுண்டு வித்தியாசத்தில் சேராது.

மே மாத வெயிலைப் பற்றி வேலூரில் தனியாகச் சொல்லத் தேவையில்லை. நாற்பது டிகிரிக்கு மேல் ஓடும் ஊரில், ஏ.சி. இல்லாத அறையில், பழைய கணினியை மூடியைக் கழற்றி டேபிள் ஃபேன் வைத்து ஆடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். சிலருக்கு வேறு சிக்கல்: விண்டோஸ் 11இல் இந்த ஆட்டத்தின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற கணினிப் பாதுகாப்பு வசதிகள் இரண்டும் வேண்டும் என்கிறது. அது என்ன என்று ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது என்னைக் கேட்டால் நான் என்ன செய்வேன்? அதை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

இரண்டாம் பருவம்

டிசம்பரில் ராங்க் கேட்பதை விட்டோம். ஆடிக் காட்டட்டும் என்று முடிவு செய்தோம். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் பதினொரு சுற்றாக நடந்ததே, அதே சுவிஸ் முறை. ஜெயித்தவர் ஜெயித்தவரோடு, தோற்றவர் தோற்றவரோடு, மூன்றே சுற்று. 24 அணிகள் என்றால் கணக்கு தானாக விழுகிறது: மூன்றும் ஜெயித்தவை மூன்று, இரண்டு ஜெயித்தவை ஒன்பது, ஒன்று ஜெயித்தவை ஒன்பது, ஒன்றும் ஜெயிக்காதவை மூன்று. மேலிருந்து எட்டெட்டாக வெட்டினால் மூன்று பிரிவு. வெட்டு விழும் இடத்தில் எதிராளிகள் எடுத்த புள்ளியைப் பார்த்தோம்.

வேண்டுமென்றே தோற்றுக் கீழே இறங்கினால்? கேட்டவர்கள் உண்டு, கேட்டவர்களில் ஒருவர் செய்தும் பார்த்தார். அதற்காக இரண்டு ஏற்பாடு. பரிசின் பெரும்பகுதி முதல் பிரிவுக்கு. முதல் இரண்டு வாரமும் எதிரணிக்கு ஐந்து ரவுண்டுக்கு மேல் விடாமல் ஜெயிக்கும் அணியை மேலே ஏற்றச் செயற்குழுவுக்கு அதிகாரம். ஒரே ஒரு முறை பயன்படுத்தினோம். பருவ முடிவில் இரண்டு மேலே, இரண்டு கீழே என்பது முன்போலவே.

வருகைக்கு மூன்று விதி. அணிக்கு ஐந்து பேரோடு இரண்டு மாற்று ஆட்டக்காரர் கட்டாயம்; மூன்றாம் வாரத்தோடு பட்டியல் பூட்டப்படும். வியாழன் இரவுக்குள் சொன்னால் பருவத்துக்கு ஒருமுறை தண்டனை இல்லாமல் தள்ளிவைக்கலாம். ஆட்டத்துக்கு அரைமணி முன்பு கேப்டன் குழுவில் ‘ரெடி’ என்று போட வேண்டும். போடாவிட்டால் நான் போன் செய்வேன். மூன்றாவது விதி எனக்குத்தான் தண்டனை.

இவற்றைவிட அதிகம் உதவியது நாங்கள் பெரிதாக எண்ணாத ஒன்று. தெருக் கிரிக்கெட்டில் ஆள் ஒற்றைப்படையாக வந்தால் ஒருவன் இரண்டு பக்கமும் பேட் பிடிப்பானே, ‘காமன்’ என்போம். அதுபோல, அணி இல்லாமல் தனியாக இருப்பவர்களைப் பொதுப் பட்டியலில் வைத்தோம். ஆள் குறையும் அணி அதிலிருந்து ஒருவரை எடுக்கலாம்; வராதவரைவிட மேல் ராங்க்காரராக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் இருந்த ஒரு தம்பி இந்தப் பருவத்தில் நான்கு அணிகளுக்கு ஆடியிருக்கிறார். இப்போது அவரைத் தங்கள் அணிக்கே கேட்டு மூன்று கேப்டன்கள் என்னிடம் சிபாரிசு பேசுகிறார்கள்.

ரமலான் பிறந்ததும் ஆம்பூர், மேல்விஷாரம், பேரணாம்பட்டு அணிகளின் ஆட்டத்தைத் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு இரவு பத்தரைக்கு மாற்றினோம். பிளஸ் டூ பிள்ளைகள் மார்ச்சில் ஆடவில்லை; அவர்கள் இடத்துக்கு மாற்று ஆட்டக்காரர்கள் வந்தார்கள். காட்பாடிப் பக்கம் விடுதியில் தங்கியிருக்கும் மாணவர்கள் செமஸ்டர் தேதியை முதல் வாரமே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கேட்டால் கொடுக்கிறார்கள், மே மாதம் நான் கேட்கவில்லை.

பெண்கள் அணி ஒன்று முதன்முறையாகச் சேர்ந்தது. காட்சி ஆட்டமாகத் தனியே வைக்கலாம் என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னபோது, “எங்களையும் மூணு சுற்று ஆட விடுங்க, எங்க விழறோமோ அங்க ஆடறோம்” என்றார்கள். இரண்டாம் பிரிவில் விழுந்தார்கள், அங்கேயே நின்றார்கள். அவர்களிடம் மைக்கில் தகாத வார்த்தை பேசிய ஒருவரைப் பருவம் முழுக்க நீக்கினோம். அவருக்காகப் பேச வந்தவர்களுக்கு நான் சொன்ன பதிலில் மாற்றம் இல்லை.

பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ என்ற கைபேசி ஆட்டத்தின் போட்டிக்கு இத்தனை பாடு இல்லை. நான்கு பேர் கொண்ட 16 அணிகள் ஒரே லாபியில், அதாவது ஒரே களத்தில், இறங்குகின்றன. ஓர் அணி வராவிட்டாலும் மற்ற பதினைந்தும் ஆடும். முதலிடத்துக்கு 10 புள்ளி, பிறகு 6, 5, 4, 3, 2, 1, 1. வீழ்த்தும் ஆளுக்கு ஒன்று. ஆட்டத்துக்குள் நுழைய வேண்டிய ரூம் ஐடியை வெளியாருக்கு அனுப்பிய அணி யாரென்று தெரியும், இந்த முறை பெயர் சொல்லவில்லை. எல்லாப் போட்டியையும் இதற்கே மாற்றிவிடலாம் என்றவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன்: 2020 செப்டம்பரில் பப்ஜி தடை, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ, 2022 ஜூலையில் அதுவும் ஆப் கடைகளிலிருந்து நீக்கம், 2023 மே மாதம் மறுபடி. ஒரே ஆட்டத்தில் சங்கத்தைக் கட்டிப்போட எனக்குத் துணிச்சல் இல்லை.

சட்டம்

பெற்றோர் பலர் ரம்மி ஆப் செய்திகளைப் படித்துவிட்டு என்னைக் கேட்டார்கள். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆட்டங்களைத் தடுக்கிறது. மின்விளையாட்டை வேறாகப் பார்க்கிறது. போட்டியில் சேரக் கட்டணமும் திறமைக்குப் பரிசும் இருக்கலாம், பந்தயம் கூடாது. ஆகவே அணிகளுக்குள் ‘தோத்தவங்க ஆம்பூர் பிரியாணி’ என்று பேசிக்கொள்வதைக் குழுவில் எழுத வேண்டாம். எழுதாமல் சாப்பிடுவது உங்கள் பாடு. என்னை அழைத்தால் சந்தோஷம். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்துக் கடிதம் இல்லாமல் இனிப் பதிவு இல்லை.

குடியாத்தம்

நவம்பரில் பஸ் ஏறி அந்தக் கேப்டன் வீட்டுக்கே போனேன். டீ கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் தறியைப் பற்றிப் பேசினோம். பிறகு அவராகவே சொன்னார்: “தோக்கறதுலாம் பரவால்லண்ணா. கடைசி நாலு ரவுண்டு அவங்க துப்பாக்கிய தொடவே இல்ல, கத்திய மட்டும் தூக்கினு ஓடியாந்தாங்க. தெருப் பசங்கள்லாம் பின்னாடி நின்னு பாக்கறாங்க. அப்புறம் இன்னாத்துக்குண்ணா வரணும்?”

கத்தியும் ஆட்டத்தில் உள்ள ஆயுதம்தான். விதியாக எழுத வழி தெரியவில்லை. அன்று ஜெயித்த அணியின் கேப்டனிடம் தனியாகப் பேசினேன். அவர் குடியாத்தம் கேப்டனுக்குப் போன் செய்தார் என்று மட்டும் தெரியும். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

டிசம்பரில் அவர்கள் இரண்டு மாற்று ஆட்களோடு வந்து மூன்று சுற்றில் ஒன்று ஜெயித்து மூன்றாம் பிரிவில் விழுந்தார்கள். ஏழு வாரமும் வந்தார்கள். நான்காம் இடம். கடைசி வாரம் ஓவர்டைமில் 14–16 என்று தோற்றபோது அந்தக் கேப்டன் என்னிடம் ரீமேட்ச் கேட்டு அரைமணி வாதாடினார். கொடுக்கவில்லை.

அவையோர் முன் மூன்று கோரிக்கை. ஒன்று, வாக்ஓவர் விதித் திருத்தத்தை இந்தப் பேரவை ஏற்றுத் தர வேண்டும். இரண்டு, அட்டவணைக் குழு தனியாக அமைய வேண்டும்; அதில் ஊருக்கு ஒருவர் இருந்து, தங்கள் ஊர்த் திருவிழா தேதியைச் சொல்ல வேண்டும். மூன்று, ஆட்ட நாளில் போன் செய்யும் வேலைக்கு இன்னொருவர் வேண்டும். என் வீட்டில் இது பற்றி ஏற்கெனவே தீர்மானம் நிறைவேற்றப்பட்டுவிட்டது.

இடம் தந்தவர்களுக்கும், இறுதி ஆட்டத்தன்று மின்சாரம் போனபோது தன் கடை ஜெனரேட்டரை இழுத்துவந்த உறுப்பினருக்கும், பொதுப் பட்டியல் தம்பிகளுக்கும் நன்றி.

அறிக்கையை ஏற்றுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பருவத்துக்கு இன்னும் ஆட்டக்காரர் பட்டியல் தராத ஐந்து கேப்டன்கள் இங்கேதான் இருக்கிறீர்கள். சாப்பாட்டுக்குப் போகும் முன் வாசல் மேசையில் என்னைப் பார்க்கவும்.