கீர்த்தனை மாலைக்கும் அசனத்திற்கும் துணைநின்ற அனைவருக்கும் நன்றி

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கும், ஊர்ப் பெரியோர்களுக்கும், அக்கம்பக்கத்துச் சேகரங்களிலிருந்து (சபைத் தொகுதிகளிலிருந்து) வந்திருந்த அன்பர்களுக்கும் பண்டிகைக் குழுவின் ஸ்தோத்திரங்கள்.

ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையை முன்னிட்டுச் சனிக்கிழமை நடந்த கீர்த்தனை மாலையும், மறுநாள் ஆராதனைக்குப் பின் பந்தி வைத்துப் பரிமாறிய அசனமும் தேவ கிருபையால் நன்முறையில் நிறைவேறின. வெளியூரிலிருந்து இசைக்குழுவை வரவழைக்காமல் சபையாரே பாட வேண்டும் என்று குழு முடிவு செய்தபோது, அது நடக்குமா என்று முதலில் ஐயப்பட்டவன் நான்தான்.

அந்த ஐயத்தைப் போக்கியவர், பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்ட, எண்பது வயதைக் கடந்த எங்கள் சபைத் தாயார் ஒருவர். கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருக்கும், பல்லவி, அனுபல்லவி, சரணங்கள் இருக்கும், சுரம் இருக்காது. மெட்டு, பாடிப் பழகியவர்களின் வாயில்தான் இருக்கிறது. இதே திருநெல்வேலிச் சீமையில் 1774இல் பிறந்து, தஞ்சையில் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் ஆதரவில் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்களும், மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் 1853இல் தொகுத்து வெளியிட்ட கீர்த்தனைகளும் சபைகளில் நிலைத்ததற்கு, அச்சுப் புத்தகத்தைப் போலவே, தாய் பாட மகள் கேட்டுப் பாடிய வழக்கமும் காரணம் என்று நான் கருதுகிறேன். எங்கள் இளைஞர்கள் நான்கைந்து மெட்டுகளுக்கு மேல் அறியாதிருந்த நிலையில், அத்தாயார் ஆறு வாரம், சனிக்கிழமைதோறும், முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் ஆலயத் திண்ணையில் அமர்ந்து, ஒரே அடியைப் பத்து முறை சலிப்பின்றிப் பாடிக் காட்டினார். பாடகர் குழுவுக்கு எட்டும் சுருதி சபைக்கு எட்டாது என்று சொல்லி, எல்லாப் பாட்டையும் கட்டை குறைத்துப் பாடச் செய்தவரும் அவரே. அன்று மாலை பின் வரிசை ஆண்களும் வாய் திறந்து பாடியதற்கு அதுவே காரணம்.

கீபோர்டு வாசித்த தம்பிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மிஸ்ர சாபு என்ற தாளத்தின் ஏழு எண்ணிக்கை, நாலுக்கு நாலாக ஓடும் இயந்திரத் தாளத்தில் அடங்கவில்லை என்பதை உணர்ந்து, அந்தத் தாளத்தை அவரே நிறுத்திவிட்டுச் சுருதிக்கு மட்டும் துணைசெய்தார். வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்காமல் இருப்பது எளிதன்று. கோவில் கச்சேரிகளில் வாசிக்கும் பக்கத்து ஊர் மிருதங்கக் கலைஞர், சன்மானத்தைப் பற்றிப் பேசாமல் வந்து, மூன்று ஒத்திகைகளிலும் உடனிருந்து, தாளம் தவறிய இடங்களை எங்கள் பிள்ளைகளுக்கு நயமாகத் திருத்திக் கொடுத்தார்.

நிகழ்ச்சியின் நடுவே மின்சாரம் நின்றபோது ஜெனரேட்டரும் இயங்க மறுத்தது. அந்தக் கால்மணி நேரம் ஒலிபெருக்கி இல்லாமல், கைத்தாளத்தோடு சபையார் பாடினார்களே, அதுதான் அன்றைய மாலையின் சிறந்த பகுதி என்று பலர் சொன்னார்கள். மைக் செட் அமைத்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

அசனத்திற்கு அரிசியும் தேங்காயும் விறகும் காணிக்கையாகத் தந்தவர்கள், இரவு முழுவதும் கண்விழித்துச் சமைத்தவர்கள், பந்தி பரிமாறிய வாலிபர்கள், கடைசிப் பந்தி முடியும்வரை தாங்கள் உண்ணாமல் நின்ற பெண்கள் ஐக்கியச் சங்கத்தார், ஆலோசனை வழங்கி ஜெபித்த சேகரகுரு ஐயரவர்கள் ஆகிய அனைவருக்கும் நன்றி. பந்தலுக்குத் தம் களத்தைத் தந்த குடும்பத்தாரின் பெயர் நோட்டீஸில் விடுபட்டது முழுவதும் என் பிழை. நேரில் வந்து மன்னிப்புக் கேட்டேன், இங்கும் கேட்டுக்கொள்கிறேன்.

சபைத் தாயார் பாடிய மெட்டுகளைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறோம். கற்க விரும்புவோர் சனிக்கிழமை மாலை ஜெபக் கூட்டத்திற்குப் பின் ஆலயத் திண்ணைக்கு வரலாம். அசனத்திற்கு இரவலாகப் பெற்ற பித்தளை அண்டாக்கள் இரண்டு இன்னும் ஆலய வளாகத்தில் உள்ளன. உரியவர்கள் விளிம்பில் வெட்டியிருக்கும் பெயரைப் பார்த்து எடுத்துச் செல்லும்படி அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பண்டிகைக் குழுவினருக்காக,
செயலாளர்